இலை வண்ண அட்டை: கையில் வைத்திருப்பவருக்கு நல்லது, வரப்பு தாண்டத்தான் சிரமப்படுகிறது

நெல்லுக்கு யூரியா எப்போது போடுவது என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும் சாமான் இது. ஐந்து அங்குல நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதில் மஞ்சள் கலந்த பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை கட்டங்கள். பயிரின் இலையை அதன்மேல் வைத்து, எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். இலை வெளிறியிருந்தால் மேலுரமாக யூரியா போடலாம், இல்லையென்றால் மூட்டையை அவிழ்க்காமல் திரும்பிவிடலாம். பேட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம், ஓடிபி கேட்காது.

பல போகங்களாக என்னிடம் இருக்கிறது. கருவியை மட்டும் எடைபோடுவதென்றால் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆனால் நான் இதை அளக்கும் கோல் வேறு. கைக்கு அடக்கமான, எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பயன்படுத்தக்கூடிய ஒரு பொருள், பக்கத்து வயலுக்குப் போக ஏன் இத்தனை அடம் பிடித்தது? என் நிலம் இருக்கும் இருப்பு அப்படி, இந்தக் கேள்வியை விட முடியவில்லை. எனக்கு மேலேயும் வயல்கள், கீழேயும் வயல்கள். தண்ணீர் ஒரு வயலின் மடை வழியாக அடுத்த வயலுக்கு இறங்கும். மேல் வயல்காரர் இன்றைக்கு யூரியா வீசிவிட்டு நாளைக்கு மடையைத் திறந்தால், அதில் ஒரு பங்கு கேட்காமலே என் பயிருக்கு வந்துவிடும். அவர் பயிர் கொழுத்துப் போய்ப் புகையான் விழுந்தால், இறக்கை முளைத்த பூச்சிக்கு வரப்பு எந்த மூலை? நான் மட்டும் அளந்து போட்டால் பாதிப் பலன்தான். அக்கம்பக்கமும் அளந்து போட வேண்டும்.

முதலில் சாமானைப் பற்றி.

பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தரப்படுத்திய அட்டையில் நான்கு கட்டங்கள், 2 முதல் 5 வரை எண்கள். கட்டங்களின் மேல் நெல் இலையின் நரம்பு போலவே வரி வரியாக இருக்கும். இலையை வைத்ததும் கண் தடுமாறாமல் ஒப்பிட அது உண்மையிலேயே உதவுகிறது. இதற்கு முந்தைய அட்டைகளில் ஆறு கட்டங்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் பகுதி நெல்லுக்காகச் செய்ததில் எட்டு. என் முதல் எரிச்சல் இதுதான். "நாலுக்குக் கீழே போனா போடு" என்று ஒருவர் சொல்ல, கேட்டவர் கையில் வேறு அட்டை இருந்தால் அந்த நாலு வேறு பச்சை. வாய்வழியாகப் பரவ வேண்டிய ஒரு பொருளுக்கு எண்ணை இப்படிக் குழப்பி வைக்கலாமா?

பயன்படுத்தும் முறையில் குழப்பம் இல்லை. நடவு செய்த 14 நாள் கழித்து, நேரடி விதைப்பு என்றால் விதைத்த 21 நாள் கழித்து ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, பூக்கும் வரை. வயலில் அங்கங்கே நோய் இல்லாத 10 தூர்களைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைக்க வேண்டும். இலையைக் கிள்ள வேண்டாம். வெயில் நேராகப் படக்கூடாது, நம் உடம்பு நிழலிலேயே பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே ஆள், அதே வேளை. 3-க்கும் 4-க்கும் நடுவே நிறம் நின்றால் மூன்றரை என்று எடுத்துக்கொள்ளலாம். பத்தில் ஆறு இலையாவது வரம்புக்குக் கீழே இருந்தால் மேலுரம் போடும் நேரம். குட்டை ரக நடவு நெல்லுக்கு வரம்பு பொதுவாக 4, நேரடி விதைப்புக்கு அதைவிடக் குறைவு. சில ரகங்களின் இலை பிறவியிலேயே வெளிர் பச்சை, அவற்றுக்கு 3 போதும். உங்கள் ரகத்துக்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அட்டையை எடுத்துக்கொண்டு வயலில் இறங்குவதில் அர்த்தம் இல்லை.

ஒரு வயலை முடிக்கப் பெரிய நேரம் ஆகாது. சேற்றில் விழுந்தாலும் கழுவிக்கொள்ளலாம். வெயிலில் வரப்பிலேயே போட்டு வைத்தால் நிறம் மங்கிப்போகும், நிழலில் வையுங்கள். மங்கிய அட்டை வெளிறிய இலையையும் நல்ல இலை என்று சொல்லும். இதையே கருவி வைத்து அளக்கவும் வழி உண்டு. மினோல்டாவின் ஸ்பேட் மீட்டர் இலையை இடுக்கிப் பிடித்து எண்ணாகக் காட்டிவிடும். ஆராய்ச்சி வயலுக்கு அது சரி. நம்மைப் போன்றவர்களுக்கு அட்டை போதும்.

இது சொல்லாத விஷயங்களும் உண்டு. வெளிறல் எல்லாமே தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு ஆகிவிடாது. துத்தநாகமோ கந்தகமோ குறைந்தாலும் இலை நிறம் மாறும், வேர் அழுகினாலும் மாறும். அதற்கெல்லாம் யூரியாவைக் கொட்டினால் காசும் போகும், பயிரும் தேறாது. இளம் இலை மட்டும் வெளுத்து அடி இலை பச்சையாக நின்றால் கந்தகத்தைச் சந்தேகப்படுங்கள். தழைச்சத்துக் குறைவு அடி இலையில்தான் முதலில் தெரியும். இந்த எச்சரிக்கையை அட்டையின் பின்பக்கத்திலாவது அச்சிட்டிருக்கலாம். அப்புறம், சிவப்பு பச்சை பேதம் தெரியாத ஆண்கள் ஊருக்குச் சிலர் இருப்பார்கள், கண்புரை விழுந்த பெரியவர்கள் அதைவிட அதிகம். அவர்கள் கையில் கொடுத்து நிறம் சொல்லச் சொல்வது தொந்தரவு. பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

பலன்? விளைச்சல் கூடவில்லை. இதைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூடும் என்று சொல்லித் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் வயலில் விளைச்சல் அதே, யூரியா குறைவு. சில போகங்களில் ஒரு மேலுரமே மிச்சம், சிலவற்றில் ஒன்றும் மிச்சமில்லை, ஆனால் போட வேண்டிய நேரத்தில் போட்டோம். பயிர் சாய்வது குறைந்தது. இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் எட்டிப் பார்ப்பதும் குறைந்தது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. தேங்கிய தண்ணீரில் தேவைக்கு மேல் வீசினால் அதில் பெரும் பங்கு அம்மோனியா ஆவியாகக் காற்றுக்குப் போய்விடும். மிச்சத்தைப் பயிர் எடுத்துத் தளதளவென்று வளர்ந்து பூச்சியைக் கூப்பிடும்.

இந்தப் பலன் எதுவும் வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது என்பதில்தான் சிக்கலே.

எவரெட் ரோஜர்ஸ் என்று ஓர் அமெரிக்கச் சமூகவியலாளர். புதிய பழக்கங்கள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். அயோவா மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா இயந்திரங்கள் என்றால் உடனே வாங்கிவிடுவாராம், ஒட்டு மக்காச்சோள விதையை மட்டும் எட்டு வருஷம் தொடவில்லை. 1936-இல் கடும் வறட்சி. அக்கம்பக்கத்து வயல்களில் ஒட்டுச்சோளம் நிமிர்ந்து நிற்க, இவர் பயிர் வாடிக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் மனிதர் மாறினார். ஒரு பழக்கம் வேகமாகப் பரவ ரோஜர்ஸ் சொன்ன ஐந்து குணங்களில் ஒன்று, அதன் பலன் அடுத்தவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது. மற்றவை: பழையதைவிட லாபம், நம் வழக்கத்தோடு ஒத்துப்போவது, எளிமை, கொஞ்சமாகச் செய்து பார்க்க வசதி. அட்டைக்கு எளிமை உண்டு, ஒரு மூலையில் செய்து பார்க்கும் வசதியும் உண்டு. கண்ணுக்குத் தெரிவதில் சுத்தமாகத் தோற்றுவிடுகிறது.

தோற்பதுகூடப் பரவாயில்லை, தலைகீழாகத் தெரிகிறது. எல்லோரும் மேலுரம் போட்ட வாரத்தில் நான் அட்டையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால், என் வயல் மட்டும் ஒரு படி வெளிறி நிற்கும். நெல் போடுகிறவர்களுக்குக் கரும்பச்சை என்றால் கௌரவம். நன்றாகப் பாடுபடுகிறவன் வயல் கறுத்து நிற்கும் என்று நம்பியே எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். மேல் வயல் பெரியவர் மடையில் நின்றுகொண்டு, "என்னம்மா, பயிரைப் பட்டினி போட்டிருக்க?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். மூட்டையில் மிச்சமிருக்கும் யூரியாவையும் வராமல் போன புகையானையும் நான் எப்படி அவருக்குக் காட்டுவது?

அதே அயோவாவில்தான் இந்த வகை ஆராய்ச்சிகளுக்கெல்லாம் முன்னோடியான ஒன்று நடந்தது. பிரைஸ் ரயான், நீல் கிராஸ் என்ற இருவர், ஒட்டுச்சோளத்தை விவசாயிகள் எப்படி ஏற்றார்கள் என்று விசாரித்து 1943-இல் வெளியிட்டார்கள். ஆராய்ந்த 259 பேரில் இருவரைத் தவிர எல்லோரும் 1928-க்கும் 1941-க்கும் இடையில் மாறிவிட்டார்கள். முதலில் செய்தி கொண்டுவந்தது பெரும்பாலும் விதை விற்பவர். ஆனால் "சரி, போடலாம்" என்று முடிவெடுக்க வைத்தது அக்கம்பக்கத்தவர். முதல் முறை கொஞ்சம் விதைத்த பிறகும், முழு நிலத்திலும் விதைக்கச் சராசரியாக மூன்று நான்கு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். கண்ணுக்கு நேராக விளைச்சல் காட்டிய பயிருக்கே இவ்வளவு தயக்கம். அப்படியிருக்க, ஒரு பயிற்சி வகுப்பில் அட்டையைக் கையில் திணித்துப் புகைப்படம் எடுத்து அனுப்பினால் என்ன நடக்கும்? பரணில் கிடக்கும். எங்கள் பக்கம் அப்படிக் கிடந்தவை எத்தனையோ.

இன்னொரு தடை உண்டு, அது நியாயமான தடை. "உன் மண்ணு வேற, என் மண்ணு வேற." இதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. கைவன் முன்ஷி என்ற பொருளாதார அறிஞர், பசுமைப் புரட்சிக் காலத்து இந்தியத் தரவுகளை வைத்து 2004-இல் ஒரு கட்டுரை எழுதினார். கோதுமை விவசாயிகள் அக்கம்பக்கத்தாரின் அனுபவத்தைப் பார்த்துத் தங்கள் முடிவை மாற்றிக்கொண்டார்கள், நெல் விவசாயிகளிடம் அது குறைவாகவே இருந்தது என்று அதில் காட்டினார். அன்றைய புதிய நெல் ரகங்களுக்கு மண், தண்ணீர், கவனிப்பு ஒவ்வொன்றும் முக்கியம். ஒருவர் வயலில் நடந்தது அடுத்தவர் வயலுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆக, நெல்காரர்கள் பக்கத்து வயலைப் பார்த்து மயங்காமல் இருந்ததில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

கீழ் வயல் தம்பி விஷயத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். அவர் ஆர்வமானவர். நான் எந்த வாரம் உரம் போடுகிறேன், எந்த வாரம் விடுகிறேன் என்று கவனித்து, அதே வாரத்தில் அவரும் போட்டார், அதே வாரத்தில் விட்டார். அட்டை வாங்கவில்லை. அவர் ரகம் வேறு, நடவும் பிந்தியது. பயிர் தூர் கட்டும் நேரத்தில் பசியில் நின்றது, "அக்கா சொன்ன மாதிரி செஞ்சேன்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் ஒன்றுமே சொல்லவில்லை! அவர் கண்ணுக்குத் தெரிந்தது நான் போட்ட நாள். நான் குனிந்து இலை பார்த்தது அவர் பார்வையில் ஏதோ பூச்சி பார்ப்பது. பக்கத்து வயலிலிருந்து ஒரு பழக்கம் வரும்போது முக்கால்வாசி இப்படித்தான் வருகிறது. வெளியே தெரிகிற பாகம் வந்துவிடும், அதை முடிவு செய்த பாகம் வராது. ஒற்றை நாற்று நடவிலும் இதைப் பார்க்கலாம். நாற்றை இடைவெளி விட்டு நட்டுவிட்டு, தண்ணீரை மட்டும் பழையபடியே நிறுத்தி வைத்திருப்பார்கள். அப்புறம் பலன் இல்லை என்று முறையைத் திட்டுவார்கள்.

பிறகு எப்படித்தான் நகர்ந்தது?

தம்பி மேல் கோபம் தணிந்ததும் அட்டையை எடுத்துக்கொண்டு அவர் வயலுக்கே போனேன். என் வயலைக் காட்டுவதில் பயன் இல்லை என்று அதற்குள் புரிந்திருந்தது. அவர் வயலில், அவர் கையில் அட்டை, அவரே எண்ணைச் சொல்ல வேண்டும். மூன்று, மூன்று, மூன்றரை என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். வரப்பில் நின்ற இரண்டு பேர் என்ன ஏலம் நடக்கிறது என்று வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சத்தம். இலை பார்ப்பது ஊமை வேலை, எண்ணை வாய்விட்டுச் சொன்னால்தான் அப்படி ஒரு வேலை நடப்பதே அடுத்தவருக்குத் தெரிகிறது.

இரண்டாவது, வயல் ஓரமாக ஒரு பாத்தியை மட்டும் அவருடைய பழைய முறைப்படியே விடச் சொன்னேன். முழு வயலையும் மாற்று என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. பழைய முறைப் பாத்தி கறுத்து உயர்ந்து, பால் பிடித்த பிறகு ஒரு மழைக்குப் படுத்துவிட்டது. மற்றது நின்றது. நான் மேலே சொன்ன அந்தக் கண்ணுக்குத் தெரியாத பலன், ஒரே வயலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது தெரிந்துவிட்டது. மழை பெய்யாத போகமாக இருந்திருந்தால் இது கிடைத்திருக்காது, அதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது நான் திட்டமிட்டதே இல்லை. களை எடுக்க வரும் பெண்கள். நாங்கள் எல்லாம் அவரவர் வயலையும் பக்கத்து வயலின் ஓரத்தையும் பார்க்கிறோம். அவர்கள் ஒரே வாரத்தில் எல்லோர் வயலுக்குள்ளும் இறங்குகிறார்கள். யார் வயலில் தூரடியில் புகையான் உட்கார்ந்திருக்கிறது, யார் வயலில் இலை கையை அறுக்கிற அளவுக்குக் கொழுத்திருக்கிறது என்று அவர்களுக்கு அத்துப்படி. அட்டையைக் காட்டியதும் ஒருவர் பார்த்த மாத்திரத்தில், மேல் வயல் அஞ்சாம் எண்ணையும் தாண்டும் என்றார். சரியாகவே சொன்னார். எந்தப் பயிற்சி வகுப்புக்கும் இவர்களைக் கூப்பிடுவதில்லை. நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பார்த்துத்தானே கூப்பிடுகிறார்கள்.

பெரியவர் கடைசியில்தான் வந்தார். தம்பி சொன்னார், களை எடுக்கும் பெண்கள் சொன்னார்கள், நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். ஒருவர் சொன்னபோது அசையாதவர், மூன்று பக்கத்திலிருந்து வந்ததும் அட்டையைக் கேட்டார். மலாவி நாட்டில் குழி நடவு முறையைப் பரப்பியபோது நடத்திய ஆராய்ச்சியில் கண்டதும் இதையே ஒத்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் செய்வதைப் பார்த்தது பலருக்குப் போதவில்லை, ஒன்றுக்கு மேற்பட்டவர் தேவைப்பட்டது. அதே நாட்டில் வேறோர் ஆராய்ச்சி, ஊரின் முன்மாதிரி விவசாயியைவிடத் தங்களைப் போலவே நிலமும் வசதியும் உள்ளவர் சொன்னால் மக்கள் அதிகம் கேட்கிறார்கள் என்றது. அப்படிச் சொல்கிறவருக்குச் சின்னதாக ஒரு வெகுமதியும் கொடுத்தார்கள். எனக்குத் தோன்றுவது, அந்த வெகுமதி கொடுத்ததுதான் சரி. பக்கத்து வயலில் இறங்கி எண்ணிக் காட்டுவது ஒரு நாள் வேலை, அதைச் சும்மா செய் என்று எதிர்பார்க்கிறோம்.

அட்டையால் ஒன்றும் ஆகாத இடங்களும் உண்டு. விளைச்சலைப் பங்கு போட்டுக்கொள்ளும் வார சாகுபடியில் உரச் செலவு நிலக்காரருடையது, உழைப்பு மட்டும் நம்முடையது என்றால் யூரியாவை மிச்சம் பிடித்து நமக்கு என்ன? மானியத்தில் யூரியா மிக மலிவாகக் கிடைக்கும் இடத்திலும் ஆர்வம் குறைவாகத்தான் இருக்கும். உரம் விற்பவரே ஆலோசகராகவும் இருந்தால், கேட்கவே வேண்டாம். தண்ணீர் வயலுக்கு வயல் இறங்கும் எங்களைப் போன்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேல் வயலில் உரம் போட்டு மடை திறந்த வாரத்தில், மடை ஓரத்துத் தூர்களை விட்டுவிட்டு உள்ளே தள்ளிப் பாருங்கள். ஓரத்து இலை எப்போதும் பணக்காரத்தனமாகத்தான் பேசும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு, கருவிக்கு. அதைக் கொடுக்கும் விதத்துக்கு ஒன்றரை. வாங்குவதானால் தனியாக வாங்காதீர்கள், ஒரே மடையில் தண்ணீர் பாயும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒரே மாதிரிக் கட்டங்கள் உள்ள அட்டையாகவே வாங்குங்கள். பின்பக்கத்தில் உங்கள் ரகத்தின் பெயரையும் வரம்பு எண்ணையும் அழியாத மையில் எழுதிவிடுங்கள். இரவல் கொடுக்கும்போது எண்ணையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகும். இல்லையென்றால் என் எண்ணை வைத்துக்கொண்டு வேறு ரகத்துக்கு உரம் போட்டுவிட்டு, அக்கா சொன்னாங்க என்பார்கள்.